பெல்ட் வண்டியின் முதல் அறுப்பு

தன் வயலைப் பாதிக்கு மேல் அவன் தவறுதலாக அறுத்துத் தள்ளிய பிறகும், நிறுத்தச் சொல்லி வரப்பில் நின்று கையை ஆட்டிய தங்கமணிக்கு இளம்பரிதி பதிலுக்குக் கையை உயர்த்திக் காட்டினான். கூண்டுக்குள் சண்டை போட்ட காலத்துப் பழக்கம். யார் கையை ஆட்டினாலும் தன்னைப் பாராட்டுவதாகவே தோன்றும். அவள் சேற்றில் இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் இன்ஜினை நிறுத்தினான்.

ஐயாவு மாமா வயலை அறுத்து, நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டு, மிச்சம் நின்ற ஓரத்தை முடிக்கத் திரும்பியவன்தான். மழையில் சாய்ந்து கிடந்த சம்பாவுக்குள், பக்கத்துத் தங்கமணி வயலைப் பிரிக்கிற வரப்பு காணாமல் போயிருந்தது. நடுவில் வண்டி ஒருமுறை தூக்கிப்போட்டது உண்மை. புது வண்டி அப்படித்தான் இருக்கும் போல என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

மும்பையிலும் டெல்லியிலும் தன்னைவிடப் பெரிய ஆட்களைக் கழுத்தைப் பிடித்துத் தரையில் கிடத்தியவன். அந்தக் கூண்டுச் சண்டைக்குப் பெயர் எம்.எம்.ஏ.; அது ஏதோ பெரிய படிப்பு என்று ஐயாவு மாமா ரொம்ப நாள் நம்பியிருந்தார். மூக்கு இடப்பக்கம் திரும்பி, முட்டி தேய்ந்த பிறகு மிஞ்சிய பரிசுப் பணத்தோடு பேங்க் கடனையும் சேர்த்து, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடி, சேற்றில் புதையாத இந்த அறுப்பு வண்டியைச் சொந்த ஊர் நன்னிலத்துக்குக் கொண்டுவந்து இறக்கினான். வயல்தான் கிடைக்கவில்லை. கூண்டில் எதிராளியின் பதில் நேராக மூஞ்சியில் வந்து விழும். இங்கே யாரைக் கேட்டாலும் "பாப்போம் தம்பி." அடிதடிக்காரன் கையில் வெள்ளாமையைக் கொடுப்பதா என்று டீக்கடையில் பேச்சு. தாய்மாமன் என்பதால் ஐயாவு மட்டும் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்.

தங்கமணி வயலில் இறங்குகிற வண்டியைத்தான் அவள் தெருவே கூப்பிடும். அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லிவிட்டால் இந்த அறுப்பு முழுக்க வண்டி கொட்டகையில் தூங்கும். அப்புறம் பேங்க்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போவான்.

கீழே குதித்தான். அதற்குள் வரப்பில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். 

"கேக்காம அறுத்துட்டேன்க்கா. தப்புதான். வாடகை வேணாம்."

தங்கமணி வண்டிக்குப் பின்னால் போனாள். வண்டி துப்பியிருந்த வைக்கோலில் ஒரு பிடி அள்ளி, முந்தானையை விரித்து அதன்மேல் உதறினாள். நெல் இல்லை, வெறும் பதர் விழுந்தது. வேறொரு இடத்தில் இன்னொரு பிடி. அதிலும் பதர்தான். குனிந்து தாளுக்கு நடுவே விரலால் துழாவினாள். வெளியூர் வண்டிக்காரர்கள் அவசரத்தில் பாதி நெல்லை வைக்கோலோடு பறக்கவிட்டுப் போவார்கள். அப்படி ஆகக் கூடாதென்றே இளம்பரிதி, பதரைப் பறக்கவிடுகிற காற்றாடியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டியிருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தால் வேறு ஏதோ வந்தது.

"எங்கிட்ட வயல நம்பிக் கொடுக்கலாமாக்கா?"

ஐயாவு மாமா வரப்பிலிருந்து குறுக்கே வந்தார். "பாப்போம்னு சொல்லிட்டு மேல ஏறு தங்கமணி. பாவம், புள்ள நிக்கிறான்."

"என்னத்தப் பாக்குறது? அதான் பாத்தாச்சே." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். இளம்பரிதியின் பக்கம் திரும்பினாள். "கொடுக்கலாம். வரப்புதான் ஒன் கண்ணுக்குத் தெரியல, நெல்லு ஒண்ணுகூட விடல. மிச்சத்தையும் அறு. வாடகைய முழுசா வாங்கிக்க. நாளைக்கு எங்க அண்ணன் வயலு."

வரப்பில் நின்றவர்களில் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டி வந்து இறங்குவதற்குள் தேங்கிய தண்ணீரை வடியவிட அவரவர் வயலைப் பார்த்து வேகமாக நடந்தார்கள்.