அத்தான் போன திசை

அந்தக் குளிர்தேசத்துக் கடற்கரை ஊரின் சுற்றுலாத் தகவல் மையத்தில் ஏழு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு, இளவேனிலின் கடைசி வாரங்களைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வரும். வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், அவள் ஒப்பிப்பாள். கரையில் வெயில் அடித்தாலும் தண்ணீர் இன்னும் குளிர்காலத்துத் தண்ணீர்தான். மதியத்துக்கு மேல் கண்மூடித் திறப்பதற்குள் கடலில் பனிமூட்டம் ஏறிவிடும். தனியாகப் படகெடுக்க வேண்டாம். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சொன்னவள், சொந்த அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

அங்கே இப்போது எப்படி இருக்கும் என்று அக்கா போனில் கேட்கத்தான் செய்தாள். இதோ வருகிறேன் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவள் இந்தத் தடவையும் பின்வாங்கிவிடுவாளோ என்று தங்கைதான், "ஜம்முனு இருக்கும்க்கா, கிளம்பி வா" என்று சொல்லிவிட்டாள்.

அக்காவும் அத்தானும் வந்த மூன்றாம் நாள், தங்கை அரைநாள் வேலை முடித்துக் கடற்கரைக்குப் போனபோது அக்கா மட்டும் மணலில் நின்றிருந்தாள். எதிரே கடல் இல்லை. பத்தடிக்கு அப்பால் மூட்டம், வெள்ளைச் சுவர். அத்தான் ஒற்றை ஆள் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரமாகிறதாம். அவருக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு உடுப்பு இருக்கும்போது நீச்சல் எதற்கு என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

படகுக்காரர் மீட்புப் படகை வரவழைத்திருந்தார். மிதவைகளைத் தாண்டாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரில் விழுந்திருந்தால் எவ்வளவு நேரம் உயிர் தாங்கும் என்று அக்கா அவரைக் கேட்டாள். அவர் தங்கையைப் பார்த்தார். அவளுக்கு விடை தெரியும்.

"உனக்குத் தெரியும்ல? இதைச் சொல்றதுதானே உன் வேலை?" என்றாள் அக்கா.

"நீ வராம இருந்துடுவியோன்னு பயந்துட்டேன்க்கா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதற்குமேல் சும்மா நிற்க முடியவில்லை. காரைப் படகு இறக்கும் சரிவுவரை ஓட்டிப்போய், கடலைப் பார்க்க நிறுத்தி, ஹாரனை விடாமல் அழுத்தினாள். மீட்புக்காரர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். கடலில் இருக்கிறவர் கத்தினால் எங்களுக்குக் கேட்க வேண்டாமா, ஒரு நிமிஷம் அடி, ஒரு நிமிஷம் நிறுத்து என்றார். அப்படியே செய்தாள். அடிக்கும் நிமிஷத்தைத் தாங்க முடிந்தது. நிறுத்திய நிமிஷத்தில்தான் உயிர் போனது. ஒவ்வொரு அலைச் சத்தமும் யாரோ கூப்பிடுவதுபோலவே இருந்தது.

நாலரை மணிக்கு மேல் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்தபடி அத்தான் கிடைத்தார். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் நாலைந்து போர்வைக்கு அடியிலும் அத்தானின் தாடை கிடுகிடுவென்று ஆடியது. பிழைத்துக்கொள்வார், குளிரில் விறைத்த வலது கை விரல்களைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அத்தான் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். பேச்சு வந்ததும் மச்சினியைப் பார்த்து, "எல்லாப் பக்கமும் ஹாரன் கேட்டுச்சும்மா. எந்தப் பக்கம் வர்றதுன்னு தெரியல. சத்தத்தைப் பாத்துத் திரும்புனேன், கவுந்துடுச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அக்கா இப்போதும் முகம் பார்க்காமல், "வீட்டுக்குப் போய் இவருக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வா, கனமானதா" என்றாள்.

வீட்டில் அவர்கள் பெட்டியைத் திறந்தாள். அரைக்கைச் சட்டைகள், கைக்குட்டை மாதிரி மெல்லிய வேட்டிகள், இன்னும் விலைச்சீட்டு பிரிக்காத வெயில் தொப்பி ஒன்று. அவள் பேச்சை நம்பி அக்கா அடுக்கியவை. அடிவரை துழாவியும் கனமாக ஒன்றுகூட இல்லை. தன் அலமாரியிலிருந்த கம்பளிச் சட்டைகள் எல்லாவற்றையும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தான் தோளுக்கு எதுவும் பற்றாது என்று தெரிந்தே, படியிறங்கி ஓடினாள்.