பார்த்தவர் கருத்தில் ஓடிய கப்பல்

வெள்ளாழித்துறை ஸ்டெல்லா டாக்கீஸில் ஓடிய கப்பல் படம், பார்த்தவர்கள் சொல்லும் கருத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருந்தது. எதைப் புகழ்ந்தார்களோ அது மறுநாள் காட்சியில் வளர்ந்திருக்கும். எதைக் குறை சொன்னார்களோ அது இளைத்திருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடலோடிகளைப் பற்றிய ஒரு தடித்த நாவலிலிருந்து எடுத்தது. முதல் நாள் கட்டைவிரல் அளவு இருந்த கப்பல் கொடி, ஐஸ் கம்பெனி ஆட்களுக்குப் பிடித்துப்போனதால் மூன்றாவது வாரம் திரைக்கு வெளியே தொங்கியது. ஆபரேட்டர் அதை மடித்து ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்.

கருத்து வாங்குவது செலஸ்டினாவின் வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே காட்சி. முடிந்ததும் வெளிவாசலில் சணல் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொருவரும் குனிந்து சாக்குக்குள் தன் கருத்தைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்ட வேண்டும். மெய்யான கருத்து தொப்பென்று உள்ளே விழும். பொய்யான கருத்து சாக்கின் அடியில் ஈரமாகக் கசிந்து போய்விடும். சாக்கைப் பிடித்திருப்பவர் மட்டும் கருத்துச் சொல்லக் கூடாது. அது வழக்கம்.

படத்தில் வரும் அந்தக் கப்பலின் சமையல்காரர் பாஸ்கலுக்கும் செலஸ்டினாவுக்கும் சனிக்கிழமை பத்து மணிக்குக் கல்யாணம். கோயிலில் மூன்று கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. கப்பல் கரையைத் தொட்டால் மாப்பிள்ளை இறங்கி வருவார். தொடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை படப்பெட்டி அடுத்த ஊர் பஸ்ஸில் ஏறும், மாப்பிள்ளையும் கூடவே ஏறிவிடுவார்.

கப்பல் கரையைத் தொடாததற்குக் காரணம் ஊர்க்காரர்களின் ரசனைதான். அவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். படத்தில் காதல் வந்தால் கொட்டாவி விட்டார்கள். கரை வந்தால் பீடி பற்றவைக்கப் போனார்கள். புயல் வந்தால் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"பொயலுன்னா இதுதாம்ல பொயலு. நம்ம பாத்ததெல்லாம் தும்மலு" என்றார் விசைப்படகு ஓட்டும் அந்தோணிராயர்.

"அந்த மூணாவது அலை இருக்கே, அது எங்க மாமியாரு கோவப்பட்ட மாதிரியே இருக்கு யக்கா. கும்புடணும் போல வருது" என்றாள் கருவாடு விற்கும் ரெஜினா.

கோயில் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே படைச்சிருந்தாலும் இவ்வளவு நுரை வச்சிருக்க மாட்டாரு" என்று சாக்குக்குள் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்லாம் தொப் தொப்பென்று விழுந்தன. அடி கசியவே இல்லை.

நியாயப்படி இத்தனை புகழ்ச்சிக்குப் புயல் படத்தையே விழுங்கியிருக்க வேண்டும். விழுங்காமல் காத்தவர் நூலகர் வெயிலுமுத்து. ஊரில் அந்த நாவலைப் படித்தவர் அவர் ஒருவர்தான். தினமும் வந்தார், தினமும் சாக்குக்குள் நிதானமாகச் சொன்னார்: "நாவலில் புயல் நாலே பக்கம். இதில் இருபது நிமிஷம் இழுக்கிறார்கள். மிகை." அவருடைய குறை ஒன்று ஊரார் புகழ் முழுவதற்கும் சமமாக இருந்தது. புயல் இருபது நிமிஷத்தைத் தாண்டவில்லை.

இதைச் செலஸ்டினாவின் சித்திமார் இருவரும் தப்பாகக் கணக்குப் போட்டார்கள். புகழ்ந்தால் கப்பல் ஓடும், குறை சொன்னால் நிற்கும், ஆகவே குறை சொல்கிற மனிதர்தான் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறார். புதன்கிழமை காலையில் இரண்டு பேரும் டாக்கீஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நீரு போயி ஒம்ம பொஸ்தகத்தப் படியும் வே. ஒரு கொமரு கரையேறட்டும்."

வெயிலுமுத்து குடையை மடக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை புயல் எழுத்துப் போடும்போதே தொடங்கியது. முடியவில்லை. இரண்டரை மணி நேரமும் புயல். கப்பல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தயாரிப்பாளர் பெயருக்கும் பின்னால் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசை நனைந்திருந்தது. செலஸ்டினாவால் சாக்கைத் தூக்க முடியாமல் இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

அன்று மத்தியானம் அவள் நூலகத்துக்குப் போனாள்.

"சார், நாளைக்கு வந்து குறை சொல்லணும்."

"உங்க சித்திங்க?"

"அவிய ரெண்டு பேரையும் நாளைக்கு மாவு ஆட்ட விட்டுருதேன்."

வெயிலுமுத்து வந்தார். வெள்ளிக்கிழமைக் காட்சியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். படம் முடிந்து வெளியே வந்தபோது சட்டைக் காலர் வரைக்கும் நனைந்திருந்தார். சாக்கின் முன்னால் வெகுநேரம் குனிந்தபடி நின்றார். பின்னால் நின்ற வரிசை வெறுங்காலைத் தேய்த்தது.

"மிகை," என்று ஆரம்பித்தார். சாக்கின் அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

"என்ன சார் இது?"

"ஒண்ணும் செய்ய முடியலம்மா. முழுசா இரண்டரை மணி நேரம் பாத்தப்புறம்தான் புரியுது. இது நாவலைவிட நல்லாருக்கு." இது கனமாக விழுந்துவிடும் என்று தெரிந்து, அவர் சாக்கைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

செலஸ்டினா சாக்கைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு சாக்கின் வாயை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு நிமிஷம் பிடிங்க சார்."

அவர் பிடித்துக்கொண்டார். இனி அவர் பேச முடியாது. அவள் பேசலாம். அவள் குனிந்தாள். அந்தப் படத்தைப் பற்றி இதுவரை அவளிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

"எல்லாரும் பொயலப் பாக்காங்க," என்றாள் சாக்குக்குள். "அந்தப் பொயலுக்குள்ள ஒரு மனுசன் கஞ்சி காய்ச்சிக்கிட்டு நிக்காரு. கப்பல் சாயுது, அடுப்பு சாயுது, பானை சாயல. ஒரு சொட்டு சிந்தல. ரெண்டாவது தடவ வரும்போது அகப்பையிலருந்து ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாக்காரு. சாவப்போற நேரத்துலயும் கஞ்சி வெந்துட்டான்னு பாக்காரு. இந்தப் படத்துல அதவிடப் பெரிய விசயம் ஒண்ணும் இல்ல."

விழுந்த கனத்தில் வெயிலுமுத்து சாக்கோடு உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுத்துப் போட்டதும் புயல் தொடங்கியது. அது குறையவே இல்லை. ஆனால் பாஸ்கலுக்கு முழங்கால் வரைதான் இருந்தது. அவர் இடது கையில் கஞ்சிப் பானையும் வலது கையில் கப்பலின் கயிறுமாக நடந்து வந்தார். மூன்றாவது அலை வந்தபோது பானையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். ஒன்பதே முக்காலுக்குத் திரையின் ஓரத்துக்கு வந்து, கயிற்றை முன்வரிசை நாற்காலிக் காலில் கட்டிவிட்டு, குனிந்து இறங்கினார்.

"எட்டி செலஸ்டி, மாப்பிள்ளை கொஞ்சம் வெளுப்பா இருக்காரே" என்றாள் சின்ன சித்தி.

"படம் அப்படி சித்தி."

கல்யாணம் கோயிலுக்கு வெளியே மணலில் நடந்தது. பங்குச்சாமியார் மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்து, உபதேசம் படித்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். மோதிரத்துக்குப் பீப்பாய் வளையம் சரியாக இருந்தது. கஞ்சி ஊருக்கே போதுமானதாக இருந்தது. உப்பும் அளவாக இருந்தது.

கப்பல் நாற்காலியில் கட்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பெட்டியை ஏற்ற முடியவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டுப் போனார். சமையல்காரர் இல்லாத மாலுமிகள் எட்டு மணிக் காட்சியில் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ரெஜினா அதில் கஞ்சியும் கருவாடும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் மேல்தளத்தில் ஒரு சாக்கை விரித்து, வரிசையாகக் குனிந்து, தாங்கள் பார்த்த ஊரைப் பற்றி ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். அன்று படம் பார்த்த மூன்றாவது வரிசை நன்றாக அழுதது என்று எல்லாரும் ஒரே மாதிரி புகழ்ந்தார்களாம்.

திங்கட்கிழமை காலையில் மூன்றாவது வரிசை டாக்கீஸ் சுவரைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைக் கடந்து, உப்பளம் வரைக்கும் நீண்டிருந்தது. உப்பளத்தில் வேலை செய்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.