உருட்டுக் கொட்டகையில் மரியாதை

மரியாதை சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினவன் நான். ஆகையால் நடந்ததற்கு வேறு யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. நழுவப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

நானும் என் அத்திம்பேர் பட்டாபிராமனும் கல்கத்தாவில் ஒரே சணல் கம்பெனியில் குமாஸ்தாக்கள். பவானிபூரில் ஒரு சந்தில் இரண்டு அறையும் சமையற்கட்டுமாக ஒரு வீடு. அதில் அக்கா ஜகதாம்பாள், அத்திம்பேர், நான். எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை, அதனால் துரையின் அறைக்குள் போய்வர முடியும். அத்திம்பேருக்குக் கிடங்கில் வேலை. என்னைவிட ஏழு வயது பெரியவர், பரம சாது. மனுஷனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் வந்து தொலைக்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் ரங்கூன் கிளைக்கு ஒரு குமாஸ்தா வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. ஐந்து வருஷத்துக்கு. கிடங்கு வேலை தெரிந்தவன் வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் அத்திம்பேர்தான். வீட்டில் வந்து சொன்னதும் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"அவர் போனா நானும் கப்பலேறுவேன்."

அவளுக்கு அப்போது ஆறாம் மாசம். முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது, ஊருக்குப் போய்த் திரும்புகையில் ரயிலிலேயே போய்விட்டது. இந்தத் தடவை வண்டியில்கூட ஏறக்கூடாது என்று டாக்டர் பாபு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கப்பலில் நாலு நாள் வாந்தியும் ஆட்டமுமாகப் போனால் குழந்தை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஐந்து வருஷம் புருஷனை விட்டுவிட்டு இருக்கமாட்டாளாம். பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து. எப்படியாவது அத்திம்பேரை இங்கேயே இருக்கச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குழந்தையும் கிடையாது. எங்களுக்கு வேறு கவலையே இல்லாமல் போயிற்று.

மார்கழி பிறந்ததும் ஒரு வழி தெரிந்தது. எங்கள் துரைக்கு ஸ்கிட்டில்ஸ் பைத்தியம். ஆலிப்பூர் பக்கத்தில் அவருடைய கிளப்பில் அதற்கென்றே நீளமாக ஒரு கொட்டகை. வழவழவென்று பலகைத் தளம். ஒரு கோடியில் ஒன்பது கட்டைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள், மறுகோடியிலிருந்து மரப்பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆபீசிலிருந்து நாலைந்து குமாஸ்தாக்களையும் கூப்பிட்டு உருட்டச் சொல்வது துரையின் வழக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இரண்டு வருஷமாக என்னைக் கரும்பலகையில் ஆட்டக் கணக்கு எழுத அழைத்துப் போயிருந்தார். அதனால் அந்த இடத்து நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வருஷம் பெயர்ப் பட்டியல் எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தது. அத்திம்பேர் பெயரை முதலில் எழுதினேன். துரை அவரை நேரில் பார்த்ததே இல்லை. பார்த்துப் பிடித்துப்போனால், ரங்கூன் விஷயத்தை மெதுவாக எடுத்து விடலாம் என்று என் எண்ணம்.

"நான் என்னத்தடா உருட்டப் போறேன்?" என்றார் அத்திம்பேர்.

"உருட்டறது பெரிசில்லே அத்திம்பேர். எப்டி நடந்துக்கறேள்ங்கறதைத்தான் பார்ப்பா."

கூடத்தில் ஒன்பது டம்ளர்களை அடுக்கினேன். உரித்த தேங்காயைக் கையில் கொடுத்தேன். அக்கா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"போனவுடனே செருப்பைக் கழட்டச் சொல்லி, ரப்பர் அடி வெச்ச துணி ஜோடு குடுப்பா. தளத்திலே கீறல் விழப்டாது."

"யார் போட்ட ஜோடோ?"

"ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணிக்கோங்கோ. அங்கே மூஞ்சியைச் சுளிக்காதேங்கோ. தரையிலே கறுப்பா ஒரு கோடு இருக்கும், காலை அதுமேலே வெக்கப்டாது. பந்தைத் தூக்கி எறியப்டாது, குனிஞ்சு நழுவ விடணும். அந்தண்டை கட்டையை நிமிர்த்தறவா மேலே ஏறி உக்காந்தாளான்னு பார்த்துட்டு விடுங்கோ, இல்லேன்னா அவா கால் போயிடும். பக்கத்துத் தடத்திலே ஒருத்தர் உருட்டறச்சே நீங்க அசையவே அசையாதேங்கோ. நன்னா விழுந்தா சத்தம் போடாதேங்கோ. விழலேன்னா பந்தைத் திட்டாதேங்கோ. துரை உருட்டினா, விழுந்தாலும் விழாட்டாலும், வெல் ப்ளேய்ட் சார்னு மெச்சணும்."

"விழாட்டாலுமா?" என்று அக்கா சிரித்தாள்.

"விழாட்டாத்தான் முக்கியமாச் சொல்லணும்."

இதெல்லாம் அந்தக் கொட்டகையின் உண்மையான விதிகள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் மேதாவியாயிற்றே, சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்தேன். துரைகள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், உருட்டி முடித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்காமல், திரும்பாமல், அப்படியே பின்பக்கமாக நடந்து வந்துவிடுங்கள் என்றேன். எங்கிருந்து பிடித்தேன் அந்த விதியை? யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்க்க அழகாக இருக்கும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். அத்திம்பேர் சிரத்தையாகப் பத்துத் தடவை பின்பக்கமாக நடந்து பழகினார். கடைசித் தடவை அக்காவின் மடிமேல் விழப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனோம். எங்களைத் தவிர இரண்டு வங்காளி பாபுக்கள். துரைமார் ஏழெட்டுப் பேர், நடுவில் எங்கள் துரைசானி. சுவரோரம் அவர்கள் கழற்றிப் போட்ட தோல் ஜோடுகள் வரிசையாக இருந்தன. அத்திம்பேர் துணி ஜோட்டை மாட்டிக்கொண்டார். மூஞ்சியைச் சுளிக்கவில்லை. சொன்னது சொன்னபடி செய்தார். கோட்டை மிதிக்கவில்லை, கட்டைக்காரர்கள் ஒதுங்குகிற வரைக்கும் காத்திருந்தார், குனிந்து நழுவ விட்டார். ஐந்து கட்டை விழுந்தது. நான் பலகையில் ஐந்து என்று எழுதிக்கொண்டே துரையின் முகத்தைப் பார்த்தேன். துரை தலையை ஆட்டினார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அத்திம்பேர் திரும்பவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார். துரைசானி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவருடைய குதிகால் அவள் ஜோட்டில் பட்டது.

நம்மில் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? யோசித்தா செய்கிறோம்? அவர் சட்டென்று திரும்பிக் குனிந்து, அவள் ஜோட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

துரைசானி காலை இழுத்துக்கொண்டாள். ஒரு கறுப்புக் குமாஸ்தா வெள்ளைக்காரியின் காலைத் தொட்டுவிட்டான். துரையின் முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. இனி ரங்கூன் என்ன, வேலையே போய்விட்டது என்று நினைத்தேன். சாக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இங்கிலீஷில் விளக்கினேன். கால் பட்டால் எங்களவர்கள் மன்னிப்புக் கேட்கிற முறை இது, மனிதர் மேல் பட்டாலும் புஸ்தகத்தின் மேல் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் இருக்க மாட்டோம், சிறு வயதிலிருந்தே கை பழகிவிட்டது என்றேன். நன்றாகத்தான் விளக்கினேன். என் இங்கிலீஷை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

துரைசானிதான் முதலில் சிரித்தாள். "ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும், மேடம்" என்றேன், பெருமையாக.

அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், துரையும் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்திம்பேரின் அடுத்த முறை வந்தது. உருட்டினார், பின்பக்கமாக வந்தார். நாற்காலியில் இருந்த ஒரு வாலிபத் துரை சத்தமில்லாமல் காலை நீட்டி வைத்தான். பட்டது. அவர் குனிந்து தொட்டு ஒற்றிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த முறை வேறொருவன் காலை நீட்டினான்.

திரும்பி நேராக நடந்து வாருங்கள் என்று நான் சொல்லாமல் இல்லை, சொன்னேன். அடுத்த தடவை நேராகத்தான் வந்தார். அப்போது அவர்களே காலைக் கொண்டுவந்து அவர் கால்மேல் இடித்தார்கள். பலகையில் அவர் பெயருக்கு நேரே விழுந்த கட்டைகளை நான் எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் அதைப் பார்க்கவில்லை.

பந்து எடுக்க என் பக்கம் வந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னேன்: "அத்திம்பேர், குனியாதேங்கோ. பட்டாப் படட்டும், பேசாம வந்துடுங்கோ."

"நானா குனியறேன்? கை தானே போறதுடா" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. மார்கழி மாசம்.

"கோவமாச்சும் படுங்கோளேன்."

"ஜகதாவை நெனச்சுக்கறேன். நீ கணக்கை எழுது."

கடைசி ஆட்டத்தில் அந்த வாலிபத் துரை எழுந்துபோய், சுவரோரம் கிடந்த தோல் ஜோடு ஒன்றைக் கொண்டுவந்து வழியில் வைத்தான். காலில்லாத வெறும் ஜோடு. எல்லோரும் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். துரை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார், நான் வாயை மூடிக்கொண்டேன். அத்திம்பேர் அதை மிதித்தார். குனிந்தார். தொட்ட பிறகுதான் அது வெறும் ஜோடு என்று அவருக்குத் தெரிந்தது. கை பாதி வழியில் நின்றது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மெதுவாக அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துரைசானிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. வங்காளி பாபுக்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

புறப்படும்போது துரை என்னைக் கூப்பிட்டார். நான் ரங்கூன் பேச்சை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. "இந்த ஆளை எங்கேயும் அனுப்பப் போவதில்லை. வேறு யாரையாவது போடுங்கள்" என்றார். சனிக்கிழமைதோறும் அவரைக் கொட்டகைக்கு அழைத்து வர வேண்டும் என்றும் சொன்னார். நான் தாங்க் யூ சார் என்றேன். சத்தியமாக மனசாரச் சொன்னேன்.

டிராமில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அத்திம்பேர் குழாயடியில் நிறைய நேரம் குளித்தார். ரங்கூன் இல்லை என்று கேட்டதும் அக்கா சுவாமி விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து அழுதாள். என்ன விளையாடினேள், எத்தனை கட்டை விழுந்தது என்று துருவித் துருவிக் கேட்டாள். நான் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். அத்திம்பேர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, ஆமாம் ஆமாம் என்றார்.

மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நாலாவது வாரம் ஆபீசில் என் மேஜைக்கு வந்தார்.

"மஹாதேவா, ரங்கூனுக்கு நானே போறேன்னு இங்கிலீஷ்லே ஒரு லெட்டர் எழுதிக் குடுடா."

"அக்கா?"

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரி, விடு" என்று கிடங்குக்குப் போய்விட்டார். எழுதியிருந்தால் நான் கொலைகாரன். எழுதாததால் என்னவென்று எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை, சனிக்கிழமை மட்டும் தவறாமல் போனார். நான் கூடவே போய்க் கணக்கு எழுதினேன்.

பங்குனியில் பிள்ளை பிறந்தது. பக்கத்து வீட்டு வங்காளி மாமி, மாஸிமாதான் குளிப்பாட்டி எடுத்து வந்து காட்டினாள். நல்ல கனமான குழந்தை, வீடே அதிரும்படி அழுதது. அத்திம்பேர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாழிகை எங்கேயும் நகரவில்லை. அந்த மூன்று மாசத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். போகட்டும், எல்லாம் இதற்காகத்தானே என்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

நாற்பது நாள் கழிந்ததும் அக்கா குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஏன்னா, அந்தத் துரை மட்டும் மனசு வெக்கலேன்னா இவன் ஏது? இந்தச் சனிக்கிழமை இவனையும் எடுத்துண்டு போங்கோ. துரை கால்லே போட்டு எடுத்துண்டு வாங்கோ. தெய்வம்னா அவர்."

அத்திம்பேர் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவியபடி என்னைப் பார்த்தார். அந்த இடத்து மரியாதையெல்லாம் தெரிந்தவன் நான்தானே. அக்காவும் என்னைப் பார்த்தாள்.

"சொல்லேன்டா மஹாதேவா, அங்கே குழந்தையை எடுத்துண்டு போகலாமோல்லியோ?"

நான் குழந்தையின் சட்டையைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"ஆகட்டும்" என்றார் அத்திம்பேர் அவளிடம். "சனிக்கிழமை எடுத்துண்டு போறேன்."