ஆர்லன் ஒப்பித்த பத்தி

ஆர்லன் ஹௌகன் கையெழுத்துப் போட்டால்தான் நான் பரீட்சை எழுத முடியும். எங்கள் மாகாணத்தில் அழுத்தக்கலன்களை, அதாவது ஆலைகளில் வாயுவையும் நீராவியையும் அழுத்தி அடைத்து வைக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளை, சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஆவதற்குப் பட்டம் மட்டும் போதாது. சான்றிதழ் பெற்ற ஒருவரின் கீழே இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். 'இவள் என் கண் முன்னால் வேலை செய்தாள், இவளுக்கு வேலை தெரியும்' என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஆர்லன். இரண்டு வருடம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இப்போது மே மாதம்.

கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"என்ன அவசரம் காலேஜு? பரீட்சை எங்கயாவது ஓடிப் போயிடுமா?"

என் பெயர் ரோக்ஸ்லானா. இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயில் ஒருமுறைகூட அந்தப் பெயர் வந்ததில்லை. லமாண்ட் பக்கத்துப் பண்ணை வீடுகளின் கழிவுத்தொட்டிகளை உறிஞ்சும் லாரியை ஓட்டுகிறார் என் அப்பா. அம்மா கோழி வெட்டும் ஆலையில் நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆர்லன் விசாரித்தார், நானும் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஓ, பீ லாரிக்காரர் பொண்ணா? அப்ப தொட்டிக்குள்ள எறங்கறது ரத்தத்துலயே இருக்கும்!" என்றார், சாப்பாட்டு டிரெய்லர் முழுக்கக் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இந்த வருடம் ஃபோர்ட் சஸ்காச்சுவனில் ஆற்றோரத்து ஆலை ஒன்றில் ஷட்டவுன். ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு கலனாகத் திறந்து, உள்ளே இறங்கிப் பார்த்து, மூடிக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் ஒரு கலனுக்குள் மூன்று பேர் இருந்தோம். ஆர்லன், நான், டுவேன். டுவேன் நியூஃபவுண்ட்லாந்துக்காரன். வெல்டிங் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்து, காந்தம் வைத்து, இரும்புத்தூள் கலந்த கறுப்பு மையைத் தெளிப்பது அவன் வேலை. விரிசல் இருந்தால் தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளையில் கறுப்புக் கோடு, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் காட்டிவிடும்.

குழாய் வந்து சேரும் இடத்து வெல்டிங்கில் ஒரு கோடு இருந்தது. என் சுண்டுவிரல் நீளம்.

ஆர்லன் விளக்கைப் பிடித்தார். தலையைப் பின்னுக்கு இழுத்தார், முன்னுக்குக் கொண்டுபோனார், பக்கவாட்டில் சாய்த்தார். "சுத்தம். அடுத்தது."

"இங்க கோடு இருக்கு," என்றேன்.

"அது பிரஷ் முடி." கட்டைவிரலால் துடைத்துவிட்டார். துடைத்த இடம் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

டுவேன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் அந்தக் கோட்டையே துடைத்துவிட்டு மறுபடி மை தெளித்தான். கோடு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஆர்லன், பொண்ணு சொல்றது சரிதான். விரிசல்," என்றான்.

"அதத்தானே நானும் சொன்னேன்! தேய்ச்சு எடு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வெளிய போய் மேன்ஹோல்கிட்ட உக்காரு. உள்ள ஆள் அதிகம், காத்து போதல," என்றார்.

ஆள் நுழையும் அந்தத் துளைக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே காற்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை.

அன்று மாலை டுவேனிடம் கேட்டேன். "உனக்குத் தெரியும்தானே?"

"எனக்கு எதுவும் தெரியாது தங்கம். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, அது தெரியும்."

எங்கள் தொழிலில் பரீட்சையை ஒருமுறை எழுதினால் போதும், கண்ணை மட்டும் வருடா வருடம் காட்ட வேண்டும். ஷட்டவுனின் இரண்டாவது வாரம், எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போது, முதலுதவி டிரெய்லரில் அதை முடித்துவிடுவார்கள். ஓர் அட்டை. மேலே பெரிய எழுத்தில் ஒரு பத்தி, கீழே போகப் போகச் சின்னதாகும். கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். நான் வேலைக்கு வந்ததிலிருந்து அதே அட்டைதான், டீக்கறையோடு. 'பண்ணைக்காரர் பழுப்புக் குதிரையைப் பாலத்தின் மேல் நடத்திச் சென்றார். பாலத்துப் பலகைகள் ஈரமாக இருந்தன.' நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். மருத்துவப் பெண் ஜோலீன்கூட அதைப் பாட்டாகப் பாடுவாள்.

வாசலில் ஒரு வெல்டர் கையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றான். ஜோலீன் அவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "ரோக்ஸி, அட்டைய நீ புடிச்சுக்கோடி. ஆர்லன் மட்டும்தான் பாக்கி," என்றாள்.

அட்டைக்குப் பின்பக்கமும் உண்டு. அங்கே வேறு பத்திகள். யாரும் அதைத் திருப்பியதே இல்லை. நான் திருப்பினேன். தவறிப்போய் அல்ல. வேண்டுமென்றே.

"கடைசிப் பத்தி," என்றேன்.

ஆர்லன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஜெபம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார். "பண்ணைக்காரர் பழுப்புக் குதிரையைப் பாலத்தின் மேல் நடத்திச் சென்றார்..."

நான் அட்டையை அசைக்கவில்லை. என் முன்னால் இருந்த பத்தியில் ஒரு கப்பல் சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"...பாலத்துப் பலகைகள் ஈரமாக இருந்தன. போதுமா காலேஜு?"

ஜோலீன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "விளையாடாதீங்க ஆர்லன், இது பின்பக்கம்." கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வெல்டரும் சிரித்தான். ஆர்லன் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டி அட்டையைப் பிடுங்கினார், மூக்குவரை கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார். ஜோலீனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."

"இருபத்தாறு வருசம்டீ. நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து நான் பாத்துட்டு இருக்கேன்."

"இப்பவும் பாக்கறீங்களா, அதான் கேள்வி."

அட்டையை என் காலடியில் வீசிவிட்டுப் போனார்.

ஜோலீன் மேலிடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னாள். ஊரில் கண் டாக்டர் ஆர்லனைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். ஓரத்தில் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. இந்த ஷட்டவுனில் ஆர்லன் 'சுத்தம்' என்று சொல்லி மூடிய ஐந்து கலன்களையும் மறுபடி திறக்கச் சொன்னார்கள். எட்மண்டனிலிருந்து வேறு இன்ஸ்பெக்டர் வந்தார். அதனால் எல்லோருடைய மே மாத மூன்று நாள் விடுமுறையும் போனது. ஏரிக்கரையில் கூடாரத்துக்கு இடம் பிடித்து, படகைக் கழுவி வைத்திருந்த ஆட்கள், இறுக்கிய போல்ட்டுகளைத் திரும்பக் கழற்றினார்கள். யாரைத் திட்டிக்கொண்டே கழற்றினார்கள் என்று அவர்கள் வாயிலிருந்தே கேட்டேன்.

நான்கு கலன்களில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் முடி கனத்தில் இரண்டு விரிசல். டுவேன் அரைமணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிட்டான்.

"இதுக்காடி என் லீவு போச்சு?" என்றான் ஒரு பைப் ஃபிட்டர். "அடுத்த ஷட்டவுன் வரைக்கும் தாங்கியிருக்கும்."

"தாங்கலன்னா நீ அதுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருப்ப," என்றேன். அதற்குப் பிறகு என் மேசையில் காபி குடிக்க யாரும் வரவில்லை.

ஆர்லன் தன் சாமான்களை எடுக்க வந்த அன்று நான் அவர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாகன நிறுத்தத்துக்குப் போனேன். அவருடைய பிக்கப்பை அவர் மனைவி மேவிஸ் ஓட்டி வந்திருந்தாள். அவர் பக்கத்து சீட்டில் இருந்தார். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"கையெழுத்து," என்றேன்.

"தைரியம்டீ உனக்கு."

"ரெண்டு வருசம் வேலை செஞ்சிருக்கேன். தானமாக் கேக்கல."

அவர் சிரித்தார். "உன் வேலைய நான் கண்ணால பாத்தேன்னு எழுதணும், அப்படித்தான? நான்தான் குருடன்னு ஊருக்கே காட்டிட்டியே. குருடன் எதப் பாத்தேன்னு எழுதுவான்?"

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பரீட்சை நடத்தும் வாரியமும் இதையேதான் கேட்கும். அட்டையைத் திருப்பிய கையாலேயே என் இரண்டு வருடத்தையும் அழித்திருக்கிறேன். அவர் அதைப் புரிந்துவைத்துக்கொண்டு, இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"எப்பலேர்ந்து தெரியல?" என்றேன். "அந்தத் தேதியப் போடுங்க. அதுக்கு முன்னாடி நான் செஞ்சது எனக்கு வேணும்."

"தேதி போட்டா, அன்னிலேர்ந்து நான் பாத்த ஒவ்வொண்ணையும் தெறப்பானுங்க. இங்க மட்டும் இல்ல, எல்லா ஆலையிலயும்."

"தெறக்கட்டும்."

"போடி."

கண்ணாடி ஏற ஆரம்பித்தது. நான் கையை உள்ளே விட்டேன். பாதியில் நின்றது. அப்போது மேவிஸ் வண்டியை அணைத்தாள்.

"எப்பலேர்ந்து ஆர்லன்?"

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? வண்டிய எடு."

"நம்ம கோல் பயல ஹாக்கிக்கு நீதான கூட்டிட்டுப் போன. குளிர்காலம் பூரா. இருட்டுல, நெடுஞ்சாலையில. எம் பேரன் உன் பக்கத்துல உக்காந்திருந்தான். எப்பலேர்ந்து?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"அக்டோபர்," என்றார். "தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வான்கோழி வெட்டறப்ப எலும்பு தெரியல."

"அன்னிக்குக் கத்தி மொண்ணைன்னு என்னைத் திட்டின," என்றாள் மேவிஸ். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவர் மடியில் போட்டாள். "அந்தப் பொண்ணு கேக்கறத எழுதிக் குடு. எழுதற வரைக்கும் வண்டி நகராது."

அக்டோபர் என்றால் எனக்கு மூன்று மாதம் குறையும். என்னோடு காபி குடிக்காத இந்த ஊரில் அந்த மூன்று மாதத்துக்கு இன்னொருவரைத் தேட வேண்டும். சரி, தேடுகிறேன். தேதியை மேவிஸ் எழுதினாள்.

"எங்க போடணும்?" என்றார் ஆர்லன்.

கோட்டின் மேல் என் விரலை வைத்தேன். பேனா என் நகத்தில் ஏறி இறங்கிக் காகிதத்தில் போனது. பாதிக் கையெழுத்து என் விரலில், பாதி கடிதத்தில்.

"இன்னொண்ணு போடுங்க. முழுசா."

போட்டார். பேனாவை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

"நீ ஃபெயில் ஆகணும் காலேஜு. ஒவ்வொரு தடவையும் ஃபெயில் ஆகணும்."

"என் பேரு ரோக்ஸ்லானா," என்றேன். "நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு மேலயே இருக்கு. மேவிஸ் படிச்சுக் காட்டுவாங்க."