ஒரு மாற்றமும் இல்லை

காலநிலை மாற்றத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஒரு பிள்ளை வருகிறாள், எல்லாரும் ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்றே சொல்லுங்கள். நாயாற்றுக் கரையில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் காலையிலேயே இந்தக் கதை பரவிவிட்டது. பரப்பியவள் முதல் வீட்டுச் சுரேகா. அவளிடம் அந்தப் பிள்ளை கேட்ட கடைசிக் கேள்வி, “இடம்பெயர விருப்பமோ?”

இடம்பெயர்வாம்! அந்தச் சொல்லை எங்களிடமே கொண்டுவந்து கேட்க யாருக்குத்தான் மனம் வந்ததோ. சண்டைக்குள் சட்டிபானையோடு ஓடி, செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்து, திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியிருக்கிற காணி இது. கடல் ஏறுகிறது என்று வாய்தவறிச் சொன்னால் எங்களை எழுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். எனக்கும்தான்.

பத்து மணிக்கு வந்தாள், பிரியந்தினி என்று பெயர், கிளிநொச்சிப் பிள்ளை. என் மனுசன் யோசெப் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கடல் முந்தியவிட உள்ளுக்கு வந்திருக்கோ அங்கிள்?”

“இல்லைப் பிள்ளை. கடல் கிடந்த இடத்திலதான் கிடக்கு.”

“மழை காலம் தப்பிப் பெய்யுதோ?”

“சீச்சீ. அந்தந்த நேரத்துக்குப் பெய்யுது.”

நாற்பது வருடத்தில் இந்த மனுசன் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லி நான் கண்டதில்லை. கடைசிக் கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே வாயாக “இல்லை” என்றோம். அவள் எல்லாவற்றையும் போனில் பதிந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

போகிற நேரம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பவுசர் வண்டி வந்து ஊற்றிவிட்டுப் போன தண்ணீரில் ஒரு கோப்பை கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “பவுசர் தண்ணியோ அன்ரி? உங்களுக்குக் கிணறு இல்லையோ?” என்றாள்.

யோசெப்புக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“கிணறு இல்லையோ எண்டு ஆரிட்டக் கேக்கிறாய்? அங்க பார், கடலுக்குள்ள ஒரு நீல வள்ளம் நிக்குதெல்லே, அதுக்குக் கீழதான் எங்கட கிணறு. என்ன மாதிரித் தண்ணி தெரியுமோ!”

மாதாவே! அவர் கையைக் கிள்ளினேன். மனுசன் நிறுத்தவில்லை. அவரைச் சொல்லி என்ன, என் வாயும் சும்மா இருக்கவில்லை.

“கிணத்தடியில ரெண்டு செவ்விளநி மரம் நிண்டது பிள்ளை,” என்றேன்.

கலியாணம் முடித்த மறுநாள் விடிய நான் முதலில் தண்ணீர் அள்ளியது அந்தக் கிணற்றில். முகாமில் வாளியோடு வரிசையில் நின்றபோதெல்லாம் அதை நினைத்துத்தான் அழுதேன். திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு அப்படியே இருந்தது. சண்டை விட்டுவைத்ததை, நாலு வருடத்துக்கு முன் கடல் எடுத்துக்கொண்டது.

பிரியந்தினி போனைப் பார்த்தாள்.

“அன்ரி, கடல் வரேல்லை எண்டு போட்டிருக்கிறன். மாத்தட்டோ?”

யோசெப் என்னைப் பார்த்தார். மாற்றினால் ஒழுங்கையே என்னைத் திட்டும். மாற்றாவிட்டால் அப்படியொரு கிணறு எங்களுக்கு இருந்ததே இல்லை என்றாகிவிடும். அதை என்னால் தாங்கமுடியாது.

“மாத்து பிள்ளை,” என்றேன். “கடைசிக் கேள்விய மட்டும் மாத்திப்போடாத. கிணறு இஞ்ச கிடக்க நாங்கள் எங்க போறது?”