கூடத்தில் ஒரு படகு

எதிர்வீட்டு அக்காவை நான் வாசலில் நின்று கூப்பிட்டபோது அவள் கூடத்தின் நடுவில், தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து வந்தால் ஆறு எட்டுத் தூரம். ஆனால் எழவில்லை. "இப்ப கடல்ல இருக்கேன்டி. ஆறு மணிக்குத்தான் கரைக்கு வருவேன், அப்ப வா" என்றாள். மூன்றாம் வீட்டுப் பெண் வேலையை விட்ட சேதி என் வாயில் சுடச்சுட இருந்தது. ஆறு மணிவரை அது தாங்குமா?

எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பதற்கென்றே ஆண்டவன் என் கழுத்தைக் கொஞ்சம் நீளமாகப் படைத்திருக்கிறான் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். கூடத்துத் தரை முழுக்க சாக்கட்டிக் கோடு. முன்னால் கூராக, பின்னால் அகலமாக, அளவு நாடா வைத்து இழுத்த ஒரு படகின் வயிறு. உள்ளே கட்டங்கள்: எதிரெதிரே இரண்டு படுக்கை, அடுப்பு, கழுவுகிற தொட்டி, ஒரு ஆள் மட்டும் திரும்பக்கூடிய கக்கூஸ். ஒரு படுக்கைக் கட்டத்துக்குள் அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், காலை மடக்கிப் படுத்து, வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் முப்பது வருடமாக ஒரு பணக்காரரின் சொந்தப் படகை ஓட்டுகிறவர். முதலாளி வருடத்தில் பத்து மாதம் தீவு தீவாகச் சுற்றுவார். அண்ணன் சுக்கான் பிடிப்பார். திரும்பி வந்ததும் கதை. ஒரு தீவில் தண்ணீர் எவ்வளவு தெளிவென்றால், நங்கூரம் மணலில் படுத்திருப்பது மேலிருந்தே தெரியுமாம். இன்னொரு தீவில் தினமும் மூன்று மணிக்கு மழை, நாலு மணிக்கு வெயில், ஏதோ ஆபீஸ் நடத்துகிற மாதிரி. ஒவ்வொரு கதையின் முடிவிலும் "ஒரு தடவ உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்பார். அக்கா ம் கொட்டுவாள். கிடைக்கிற வண்டியில் ஏறாமல், கிடைக்காத கப்பலுக்குக் காத்திருப்பவள் என்று தெருவில் பேச்சு. பேசியது நான்தான், மறைப்பானேன்.

இந்த வருடம் முதலாளிக்கு முழங்கால் போய்விட்டது. "படகு சும்மா கிடந்தா கெட்டுப்போகும். நீயும் உன் சம்சாரமும் நாலு மாசம் சுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்த ஒத்திகை. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை கோட்டைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். அடுப்பிலிருந்து படுக்கைக்குப் போகிற இடத்தில் நிஜப் படகில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படியும், மேலே தலை இடிக்கிற மாதிரி ஒரு உத்தரமும் இருக்கிறதாம். அங்கே காலைத் தூக்கி, தலையைக் குனிந்துதான் போக வேண்டும், இல்லாத படிக்கும் இல்லாத உத்தரத்துக்கும். கக்கூஸுக்கும் அண்ணனின் படகு வேலைக்கும் மட்டும் விலக்கு உண்டு, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெருவில் நாலு வீட்டில் இதை நடித்துக் காட்டினேன். "கூடத்துல புயல் அடிச்சா நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வருமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

ஒன்பதாம் நாள் அண்ணன் படகுத்துறைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். அக்கா கோட்டுக்குள்தான் இருந்தாள், ஒரு கால் மட்டும் வெளியே. கண் சிவந்திருந்தது. இந்தமுறை வெங்காயம் இல்லை.

"கடலுக்குப் பயமா அக்கா?"

"கடல் என்ன செய்யும்?" என்றாள். "முப்பது வருஷமா இந்த வீட்டுல என் மூச்சு மட்டுந்தாண்டி கேட்டுச்சு. இப்ப இவரு இருமறாரு, தனக்குத்தானே பேசிக்கிறாரு, தூக்கத்துல சிரிக்கிறாரு. இந்த மனுஷன் யாருன்னே தெரியல. கடலப் பாத்து பயமில்ல, இவரப் பாத்தாதான் பயமா இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சொல்லிடாத. பழகிரும்."

ஐந்து நாள் சொல்லவில்லை. என் வரலாற்றில் அது ஒரு சாதனை. ஆறாம் நாள் காலை அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஏதோ கயிற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "உங்க அக்கா தேறிட்டா பாத்தியா? படியில இடிக்கிறதே இல்ல" என்றார். பூரித்த முகத்தைப் பார்த்தால் ஒரு குத்து குத்தாமல் எனக்குப் போகத் தெரியாது. "படகெல்லாம் பழகிட்டாங்க அண்ணே. நீங்களும் உங்க இருமலுந்தான் இன்னும் பழகலயாம். உங்களப் பாத்தாத்தான் பயமா இருக்காம்!"

அவரும் சிரித்தார். எண்ணெய்த் துணியை நாலாக மடித்தார். மடித்த துணியைப் பிரித்து, மறுபடி நாலாக மடித்தார்.

அன்று மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறு மணி ஆகவில்லை, ஆனாலும் வந்தாள். இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். "உப்புத் தண்ணில சிக்கெடுக்க முடியாதாம். எப்படி இருக்கு?" என்று பின்பக்கம் திரும்பிக் காட்டினாள். வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். "நேத்து அவரு இருமலன்னு எனக்குத் தூக்கமே வரலடி" என்றாள். நான் சாவியை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் சொல்லிவிட்டாராம்: முதலாளியின் தங்கை மகன் வருகிறான், படகில் இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். அக்கா என்னிடம் சொன்னபோது கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பதினஞ்சு நாள் ஒரே கட்டத்துல என்னோட இருந்து பாத்தாரு. போதும்னு ஆயிருக்கும்" என்றாள். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் கிளம்பிய அன்று வழியனுப்ப அவள் போகவில்லை. நான் போனேன்; சும்மா இருக்க முடியுமா? வெள்ளைப் படகு, துடைத்து வைத்த மாதிரி. ஜன்னல்களில் அக்கா தைத்த திரை. தங்கை மகனைக் காணோம். வேறு யாரையும் காணோம். அண்ணன் என்னைப் பார்த்து, "அவள பாத்துக்கம்மா. வீடு பழைய மாதிரி சத்தமில்லாம இருக்கட்டும்" என்றார்.

சொல்லியிருக்கலாம். படகைக் கரையில் கட்டிய கயிற்றின் மூன்று முடிச்சை அவிழ்க்கிற நேரம் இருந்தது. அண்ணே, அக்கா முடிய வெட்டிட்டு வந்தது எதுக்குன்னு நெனச்சீங்க, என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் யார் வாயிலிருந்து அந்தப் பேச்சு போனது என்று அக்காவுக்குத் தெரிந்துவிடுமே. நான் கேட்டது, "டார்ச் லைட் எடுத்துக்கிட்டீங்களா?"

இரண்டு மாதமாகிறது. வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு தீவிலிருந்து போன் வருகிறது. அங்கே மழையா என்று இவள் கேட்கிறாள்; செடி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கிறார். ஒருமுறை அவர் இருமினார் போலிருக்கிறது. அவர் போனை வைத்த பிறகும் இவள் காதிலேயே வைத்திருந்தாள்.

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். கதவு திறந்து கிடந்தது. "உள்ள வா" என்றாள். இத்தனை நாளில் கோடு அழிந்திருக்கும் என்று நினைத்தேன். அழியவில்லை, வெள்ளை வெளேரென்று புதிதாக இழுத்திருந்தது, இரண்டு படுக்கையும். அக்கா அடுப்புக் கட்டத்திலிருந்து காலைத் தூக்கி வைத்து, தலையைக் குனிந்து, தன் படுக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே இருந்த அண்ணனின் கட்டத்தைக் காட்டி, "உக்காரு" என்றாள்.

நானும் காலைத் தூக்கினேன், தலையைக் குனிந்தேன். அந்தக் கட்டத்தில் மட்டும் உட்கார முடியவில்லை. படி இருக்க வேண்டிய இடத்தில், இல்லாத உத்தரத்துக்குக் கீழே, குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.