வலிக்கிறது என்று சொன்னால்

1

இந்தக் கதை என் மனைவியின் தோள்பட்டையில் பிறந்தது. கேட்க அவ்வளவு அழகாக இல்லை, என்ன செய்ய, அதுதான் உண்மை. கையைத் தூக்க முடியாமல் அவள் பிசியோதெரபிக்குப் போனாள். துணைக்குப் போன நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் ஒரு சிறுமி. முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றி உலோக வளையங்கள். அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் தோலுக்குள் போய் எலும்பைப் பிடித்திருந்தன. மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிற பிள்ளையாம். தெரபிஸ்ட் எது கேட்டாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

'வானத்தில் பறந்தபோது சிட்டுவுக்கு…' (வேண்டாம். பறக்கிற பிள்ளை கிடைத்தால் எழுத்தாளர்களுக்கு வாயில் எச்சில் ஊறிவிடுகிறது. சிட்டு என்ற செல்லப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

'அந்த விபத்துக்கு யார் காரணம் என்றால்…' (இது போலீஸ்காரர் வேலை.)

'மகளின் காலைப் பார்க்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்குக் கை துறுதுறுத்தது.'

இது பரவாயில்லை. துறுதுறுக்கக் காரணமும் உண்டு. அந்த வளையங்களில் நட்டுகள் இருந்தன. சிட்டுவின் பந்தய வண்டியில் ஒவ்வொரு நட்டையும் தன் கையால் முடுக்கியவர் அவளுடைய அப்பா. இதை மட்டும் தொடக்கூடாது என்றால் மனிதர் என்ன செய்வார்? "உங்க ஸ்பேனருக்கு இங்க வேலை இல்ல சார்" என்று தெரபிஸ்ட் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

முதல் பிரதியில் இந்த மெக்கானிக்கை முரடராக எழுதியிருந்தேன். தன் ஆசைக்கு மகளைப் பலி கொடுக்கிறவர், அதட்டுகிறவர், மீசைக்காரர். என் மனைவி படித்துவிட்டுத் தாள்களை மேசையில் போட்டாள்.

"அந்த மனுசன் என்ன பாவம் பண்ணாரு? நீங்க எதைத்தான் பாத்தீங்க? அன்னிக்கு அந்தப் பிள்ளையோட நல்ல காலுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டாரே, எவ்வளவு பதமா மாட்டினாரு!"

"சரி, மாத்திடறேன்."

"அந்த அம்மாவையும் மாத்துங்க. பக்கத்துக்குப் பக்கம் அழுறா. அம்மான்னா என்ன, தண்ணிக் குழாயா?"

மாற்றினேன். இந்தப் பிரதியில் அம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கூட்டிவந்த அன்று, "இன்னொரு தடவை இவ விழுந்தா எனக்குத் தெம்பில்ல. வண்டியை வித்துடுங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். மெக்கானிக் தலையாட்டினார். அடுத்த அறையில் சிட்டு தூங்கிவிட்டாள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

3

இனி அந்த விரல்.

விழுந்த பிள்ளை முதல் காரியமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். (எல்லா ஊர்த் தடங்களிலும் இப்படித்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதையின் தடத்தில் இப்படித்தான்.) சிட்டுவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். "விழுந்தா உடனே விரலைக் காட்டிடு செல்லம். மேல கேலரில நின்னு அம்மா பாத்துட்டிருப்பா, பயந்துடுவா."

அன்று மண்மேட்டைத் தாண்டிக் குதித்தபோது வண்டி சரிந்தது. மேட்டின் மறுபக்கச் சரிவில் அவள் கிடந்தாள். பின்னால் வருகிறவர்களுக்கு அந்த இடம் தெரியாது. அவர்களை எச்சரிக்க ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் விரலை உயர்த்தினாள். அவரும் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எழுந்துவிடும் என்று கொடியை இறக்கினார். மேட்டின் மேலிருந்து அடுத்த வண்டி

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அதை ஓட்டி வந்ததும் ஒரு குழந்தை.)

மெக்கானிக்கை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவிகூடச் சொல்லவில்லை. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

4

தெரபி அறை. பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட இன்னொரு பந்தயக்காரப் பொடியன், தான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தான். (வாரத்துக்கு வாரம் அந்த உயரம் கூடியது.)

"வலிக்குதாடா?" என்று கேட்டுக்கொண்டே தெரபிஸ்ட் சிட்டுவின் பாதத்தை மெல்ல மடக்கினாள்.

விரல்.

"இப்போ?"

விரல். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது.

தெரபிஸ்ட் பாதத்தை விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தனியே அழைத்தாள். "சார், கம்பி போற இடத்துல சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்கோன்னு எனக்குச் சந்தேகம். வெளிய ஒண்ணும் தெரியல. எங்க வலிக்குதுன்னு இவ வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு. எலும்புக்குப் போயிட்டா காலைக் காப்பாத்தறதே பெரும்பாடு. டாக்டரைக் கூப்பிடறேன். அவர்கிட்டயும் விரலைக் காட்டினா, பிள்ளை நல்லாருக்குன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரு. பேசிப் பாருங்க."

மெக்கானிக் கட்டிலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குதும்மா? அப்பாகிட்ட சொல்லு."

சிட்டு வாசலைப் பார்த்தாள். அம்மா இன்னும் வரவில்லை.

"சொன்னா வண்டியை வித்துடுவியாப்பா?"

5

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

"விக்க மாட்டேன்" என்று அவரைச் சொல்லவைத்தேன். உடனே சிட்டு சொல்லிவிட்டாள்: கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம். மருந்து, ஊசி, கால் தேறியது. எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அப்புறம்தான் அவள் மறுபடி தாண்டப்போகிற அதே மண்மேடு நினைவுக்கு வந்தது, கேலரியில் நிற்கிற அம்மாவும். அவளிடம் இந்த மனிதர் தலையாட்டியிருக்கிறாரே! பக்கத்தைக் கிழித்தேன்.

"வித்துடுவேன்" என்று எழுதிப் பார்த்தேன். சிட்டு, "வலிக்கலப்பா" என்றாள். அந்தப் பக்கத்தையும் கிழித்தேன்.

"முதல்ல கால் சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." பக்குவமான பதில், எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மனைவி சிரித்துவிட்டாள். "பெரியவங்க சொல்ற 'அப்புறம்' என்னன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ அவர் என்னதான் சொல்றது?"

"அவரை விடுங்க. நீங்க என்ன சொல்வீங்க?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் தப்பித்தேன் என்று நினைத்தேன். தப்பிக்கவில்லை; சில நாட்களாக அந்தக் கட்டிலருகே நானும்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் கொடுக்கிறேன். மெக்கானிக் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஆற அமர யோசிக்கலாம் என்று புத்தகத்தை மூடிவைத்துவிடாதீர்கள். வராந்தாவில் டாக்டர் வருகிற சத்தம் கேட்கிறது. நீங்கள் பதில் சொல்லும்வரை அந்தப் பிள்ளை வலியைப் பொறுத்துக்கொண்டுதான் இருப்பாள்.